கயிறா, பாம்பா? வீட்டுக் கணினியில் வரும் போலி வைரஸ் எச்சரிக்கைகள்



வீட்டில் கணினிக்கு ஏதாவது ஒன்னுன்னா பெரியவங்க யாரைக் கூப்பிடுவாங்க? நம்மளைத்தான். "தம்பி, இங்க வந்து பாரு, கணினியில வைரஸ் வந்துடுச்சாம்" என்று குரல் வரும். போய்ப் பார்த்தால் திரையின் வலது மூலையில் சிவப்பாக ஒரு பெட்டி. கணினியில் 5 வைரஸ் இருக்கிறது, ஆன்டிவைரஸ் காலாவதியாகிவிட்டது, உடனே இங்கே அழுத்து என்று எழுதியிருக்கும். மூடினால் போய்விடும். பத்து நிமிடத்தில் மறுபடியும் வந்து நிற்கும்.

இந்த மாதப் பாடம் இதைப் பற்றித்தான். இதை எப்படி நிறுத்துவது என்பதோடு, இது எப்படி வேலை செய்கிறது என்பதையும் பார்ப்போம். அது புரிந்துவிட்டால் நாளைக்கு வேற ஒரு வடிவத்தில் வந்தாலும் நீங்களே சமாளிச்சுக்கலாம்.

வேதாந்தத்தில் சொல்லப்படும் கயிறு, பாம்பு உவமை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். மங்கிய வெளிச்சத்தில் தரையில் கிடக்கும் கயிறு ஒருவருக்குப் பாம்பாகத் தெரிகிறது. கௌடபாதர் மாண்டூக்ய காரிகையில் இதைச் சொல்கிறார். ஆதிசங்கரரும் எடுத்தாள்கிறார். அவர்கள் பேசியது மிகப் பெரிய விஷயம். நாம் அதிலிருந்து ஒரே ஒரு சின்னப் பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். அங்கே பாம்பு இல்லை. ஆனால் பயம் உண்மையானது. நெஞ்சு படபடப்பதும் உண்மையானது. தடியால் அடித்து அந்தப் பயத்தைப் போக்க முடியாது. விளக்கைக் கொண்டு வந்து பார்த்தால் போய்விடும்.

இந்த எச்சரிக்கைகளில் பெரும்பாலானவை கயிறுதான். சில நேரம் உண்மையான பாம்பும் உண்டு. எது எதுன்னு தெரியாமல் கண்டதையும் அழுத்துவதில்தான் ஆபத்து.

பயமே வியாபாரம்

இப்படிப் பயமுறுத்தி விற்கும் மென்பொருளுக்கு ஸ்கேர்வேர் என்று பெயர். இது புதுசு இல்லை. 2000-களில் வின்ஃபிக்சர், ஆன்டிவைரஸ் எக்ஸ்பி 2008, ஆன்டிவைரஸ் 2009 போன்ற பெயர்களில் பல போலி ஆன்டிவைரஸ்கள் உலகம் முழுதும் பரவின. பெயரைக் கேட்டால் நல்ல மென்பொருள் மாதிரியே இருக்கும். கணினியைச் சோதிப்பது போல நடித்து, இல்லாத வைரஸ்களைப் பட்டியல் போட்டுக் காட்டி, நீக்குவதற்கு 40 அமெரிக்க டாலர் அளவில் பணம் கேட்கும்.

இதை நடத்திய கும்பல் ஒன்றின் மீது அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 2008 டிசம்பரில் வழக்குப் போட்டது. பத்து லட்சத்துக்கும் அதிகமானவர்கள் ஏமாந்ததாக ஆணையம் கூறியது. 2012-ல் நீதிமன்றம் 16 கோடியே 30 லட்சம் டாலருக்கும் அதிகமான தொகையைக் கட்டும்படி தீர்ப்பளித்தது. ஆப்பிள் கணினிக்கு வைரஸ் வராது என்று சொல்பவர்களுக்கு ஒரு தகவல்: 2011 மே மாதத்தில் மேக் டிஃபெண்டர் என்ற போலி ஆன்டிவைரஸ் மேக் கணினிகளில் பரவி, ஆப்பிள் நிறுவனமே அதற்காகப் பாதுகாப்புப் புதுப்பிப்பு வெளியிட வேண்டியதாயிற்று.

அந்தக் காலத்துப் பெயர்கள் போய்விட்டன. ஆனால் முறை அதேதான்: பயம் காட்டு, அவசரப்படுத்து, யோசிக்க நேரம் கொடுக்காதே.

முதல் கேள்வி: எங்கிருந்து வருது?

எச்சரிக்கை வந்ததும் பலர் செய்வது என்ன? இன்னொரு ஆன்டிவைரஸைத் தேடி இறக்குகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் மடிக்கணினியில் மூன்று ஆன்டிவைரஸ் இருந்தது. மூன்றும் ஒன்றோடொன்று மோதி, கணினி ஆமை மாதிரி நகர்ந்தது. பாப்-அப் மட்டும் நேரம் தவறாமல் வந்துகொண்டே இருந்தது. காரணம், அந்தக் கணினியில் வைரஸே இல்லை. ஓர் இணையத்தளத்துக்குக் கொடுத்த அனுமதிதான் பிரச்சினை. அந்த அனுமதியை நீக்க இரண்டு நிமிடம் போதுமானதாக இருந்தது.

அதனால் முதலில் மருந்து தேடாதீங்க, இடத்தைத் தேடுங்க. பொதுவாக நான்கு இடங்களிலிருந்து இது வரும்.

ஒன்று, திறந்திருக்கும் இணையப் பக்கம். திரை முழுதும் நிறைந்திருக்கும், சத்தம் போடும், ஒரு தொலைபேசி எண்ணைக் காட்டும்.

இரண்டு, பிரவுசரின் நோட்டிபிகேஷன். வலது கீழ் மூலையில் சின்னப் பெட்டியாக வரும். உற்றுப் பார்த்தால் அதில் பிரவுசரின் பெயரும், ஏதோ ஒரு விசித்திரமான இணைய முகவரியும் சின்ன எழுத்தில் இருக்கும்.

மூன்று, கணினிக்குள்ளோ பிரவுசருக்குள்ளோ நிறுவப்பட்டுவிட்ட தேவையில்லாத மென்பொருள்.

நான்கு, உண்மையான ஆன்டிவைரஸ் ஒன்றின் இலவசக் காலம் முடிந்து, அது சந்தா கேட்டு நச்சரிப்பது.

கண்டுபிடிக்க ஓர் எளிய சோதனை. எல்லா பிரவுசரையும் மூடுங்க. வைஃபையை நிறுத்துங்க. அரை மணி நேரம் அப்படியே விட்டுப் பாருங்க. அப்பவும் எச்சரிக்கை வந்தால் அது கணினிக்குள்ளேயே இருக்கிற மென்பொருள், அதாவது மூன்றாவது அல்லது நான்காவது வகை. வரவில்லை என்றால் பெரும்பாலும் முதல் இரண்டில் ஒன்று.

ஒன்று: திரையை அடைத்துக்கொள்ளும் பக்கம்

ஓர் உண்மையை மனசில் வைங்க. சாதாரண இணையப் பக்கம் ஒன்றால் உங்கள் கணினியில் உள்ள கோப்புகளைத் திறந்து வைரஸ் சோதனை செய்ய முடியாது. பிரவுசர் அதற்கு இடம் கொடுக்காது. அங்கே ஓடும் சோதனைக் கோடு வெறும் படம்தான். லட்சம் கோப்புகளை ஐந்து வினாடியில் சோதித்ததாகக் காட்டும்போதே சந்தேகம் வரணும். இன்னொன்று, மைக்ரோசாஃப்ட் தன்னுடைய பிழைச் செய்திகளில் தொலைபேசி எண் போடுவதில்லை. எண் இருந்தால் அது போலி.

பக்கத்தில் இருக்கும் எந்தப் பொத்தானையும் அழுத்தாதீங்க. மூடுவதற்கான பெருக்கல் குறி கூட படமாக இருக்கலாம். எஸ்கேப் விசையைச் சில வினாடி அழுத்திப் பிடியுங்க. முழுத்திரை விலகும். பிறகு டேபை மூடுங்க. அதற்கும் மசியவில்லை என்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பிரவுசரைத் தேர்ந்தெடுத்து 'எண்ட் டாஸ்க்' கொடுங்க.

மறுபடி பிரவுசரைத் திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கட்டுமா என்று கேட்கும். வேண்டாம் என்று விடுங்க. சில பிரவுசர்கள் கேட்காமலேயே திறந்துவிடும். அப்படியானால் வைஃபையை நிறுத்திவிட்டுத் திறங்க. பக்கம் ஏறாது. அந்த டேபை மூடிவிட்டு இணைப்பைக் கொடுங்க. அவ்வளவுதான்.

இரண்டு: நாமே கொடுத்த அனுமதி

திரும்பத் திரும்ப வரும் தொல்லைக்கு இன்று அடிக்கடி காரணமாக இருப்பது இதுதான். இலவசமாகப் படமோ பந்து விளையாட்டோ பார்க்க ஒரு தளத்துக்குப் போவோம். நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபிக்க 'அலவ்' என்பதை அழுத்து என்று அது சொல்லும். உண்மையில் அந்த 'அலவ்' ரோபோ சோதனை இல்லை. இந்தத் தளம் எனக்கு நோட்டிபிகேஷன் அனுப்பலாம் என்று நாம் கொடுக்கும் அனுமதி அது.

அதற்குப் பிறகு அந்தத் தளத்தை மூடினாலும், ஒரு மாதம் அந்தப் பக்கமே போகாவிட்டாலும், செய்தி வந்துகொண்டே இருக்கும். செய்தித் தளங்களுக்கும் மின்னஞ்சலுக்கும் பயன்படும் அதே வசதிதான் இது. ஏமாற்றுக்காரர்கள் அதன் வழியாக வைரஸ் எச்சரிக்கை போல விளம்பரம் அனுப்புகிறார்கள். அழுத்தினால் ஒரு விற்பனைப் பக்கத்துக்குப் போகும். சில நேரம் அது உண்மையான ஆன்டிவைரஸின் விற்பனைப் பக்கமாகவே இருக்கும். நாம் வாங்கினால் இடையில் இருப்பவனுக்குக் கமிஷன். இன்னும் சில நேரம் நம் வங்கி அட்டை எண்ணைத் திருடும் பக்கமாக இருக்கும்.

இந்த வகையில் ஆன்டிவைரஸ் ஓட்டினால் ஒன்றும் கிடைக்காது. ஏன்னா கணினியில் நோய் இல்லை, திறந்து வைத்த கதவு ஒன்று இருக்கு. அதைச் சாத்தணும்.

க்ரோமில்: செட்டிங்ஸ், பிறகு பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, பிறகு சைட் செட்டிங்ஸ், பிறகு நோட்டிபிகேஷன்ஸ். அங்கே அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும். தெரியாத ஒவ்வொரு தளத்துக்கும் பக்கத்தில் இருக்கும் மூன்று புள்ளியை அழுத்தி 'பிளாக்' கொடுங்க.

எட்ஜில்: செட்டிங்ஸில் சைட் பெர்மிஷன்ஸ் என்பதைத் தேடுங்க. உள்ளே நோட்டிபிகேஷன்ஸ் இருக்கும்.

ஃபயர்ஃபாக்ஸில்: செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, கீழே பெர்மிஷன்ஸ், அதில் நோட்டிபிகேஷன்ஸ்.

ஒரே கணினியில் இரண்டு மூன்று பிரவுசர் இருந்தால் எல்லாவற்றிலும் பாருங்க. அதோடு, இனிமேல் எந்தத் தளமும் அனுமதியே கேட்கக் கூடாது என்ற தேர்வும் அங்கேயே இருக்கு. அப்பா, அம்மா, தாத்தா பயன்படுத்தும் கணினியில் அதைப் போட்டுவிடுவது நல்லது. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் உள்ள க்ரோமிலும் இதே தொல்லை வரும், இதே வழியில் போகும்.

மூன்று: உள்ளே புகுந்த மென்பொருள்

இங்கேதான் உண்மையான பாம்பு இருக்கலாம். இலவச மென்பொருளை இறக்கும்போது 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று அழுத்திக்கொண்டே போனால் கூடவே இரண்டு மூன்று ஒட்டிக்கொண்டு வரும். திருட்டு மென்பொருளிலும் விளையாட்டுகளின் 'கிராக்' கோப்புகளிலும் இது இன்னும் அதிகம். வேலையை வரிசையாகச் செய்யுங்க.

முதலில், முக்கியமான கோப்புகளை வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுத்துவிட்டு அதைக் கழற்றி வைங்க. ஒப்படைப்பு, படங்கள், அம்மாவின் கணக்கு எல்லாம் பத்திரமா இருக்கட்டும். மென்பொருள் கோப்புகளை நகல் எடுக்க வேண்டாம்.

இரண்டாவது, பிரவுசரின் எக்ஸ்டென்ஷன் பட்டியலைத் திறந்து எல்லாவற்றையும் அணைத்துவிடுங்க. தொல்லை நின்றால் ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டுப் பாருங்க. எதைப் போட்டதும் திரும்ப வருகிறதோ அதை நீக்குங்க.

மூன்றாவது, விண்டோஸ் செட்டிங்ஸில் ஆப்ஸ், இன்ஸ்டால்டு ஆப்ஸ். நிறுவிய தேதிப்படி வரிசைப்படுத்துங்க. தொல்லை தொடங்கிய நாளை ஒட்டி வந்தவற்றைக் கவனியுங்க. தெரியாத பெயர் என்றால் நீக்கும் முன் அது என்ன என்று தேடிப் பாருங்க. சில பெயர்கள் உங்கள் கணினியின் ஒலி, திரை போன்றவற்றுக்குத் தேவையானவையாக இருக்கலாம்.

நான்காவது, விண்டோஸோடு வரும் பாதுகாப்பையே பயன்படுத்துங்க. விண்டோஸ் 8 முதல் டிஃபெண்டர் உள்ளேயே இருக்கு, இலவசம். விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, வைரஸ் அண்ட் திரெட் புரொடெக்‌ஷன், ஸ்கேன் ஆப்ஷன்ஸ் என்று போனால் 'ஃபுல் ஸ்கேன்' இருக்கும். அதற்கும் பிடிபடாதது என்றால் 'ஆஃப்லைன் ஸ்கேன்' கொடுங்க. கணினி தானாக அணைந்து எழும். விண்டோஸ் முழுதாக ஏறும் முன்னே சோதனை நடக்கும். ஏறும் முன்னே என்பதுதான் இதன் பலம். சில மென்பொருள்கள் விண்டோஸ் ஓடும்போது தங்களை மறைத்துக்கொள்ளும். ஆஃப்லைனில் அவற்றுக்கு அந்த வாய்ப்பு கிடைக்காது. சுமார் 15 நிமிடம் ஆகும், கோப்புகளைச் சேமித்துவிட்டுத் தொடங்குங்க.

ஐந்தாவது, இரண்டாவது கருத்து வேண்டுமானால் மால்வேர்பைட்ஸின் இலவசப் பதிப்போ, அதே நிறுவனத்தின் ஆட்வ்கிளீனரோ ஓட்டலாம். அவற்றை அவற்றின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்க. தேடலில் மேலே வரும் விளம்பர இணைப்பை அழுத்தினால் போலியின் கையிலேயே போய் விழலாம்.

நீக்கவே விடாமல் அடம்பிடிக்கும் மென்பொருள் என்றால், ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு ரீஸ்டார்ட் அழுத்துங்க. ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட் என்று போய் 4-ஐ அழுத்தினால் சேஃப் மோடு வரும். அந்த நிலையில் தேவையான சில பகுதிகள் மட்டுமே ஓடும் என்பதால் நீக்குவது சுலபம். கடைசியாக பிரவுசரை ரீசெட் செய்யுங்க. புக்மார்க்கும் சேமித்த கடவுச்சொல்லும் போகாது. எக்ஸ்டென்ஷன்கள் அணைந்துவிடும்.

நான்கு: உண்மையான நிறுவனத்தின் நச்சரிப்பு

புது மடிக்கணினிகளில் சில நேரம் ஓர் ஆன்டிவைரஸ் சில வார இலவசத்தோடு வரும். காலம் முடிந்ததும், நீங்கள் பாதுகாப்பின்றி இருக்கிறீர்கள் என்று தினமும் சொல்லும். இது மோசடி இல்லை. ஆனால் வாங்கித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அதை முறையாக நீக்கிவிட்டுக் கணினியை மறுதொடக்கம் செய்தால் டிஃபெண்டர் தானாக வேலையைத் தொடங்கிவிடும். விண்டோஸ் செக்யூரிட்டியில் பச்சைக் குறி இருக்கிறதா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்க.

அந்த எண்ணுக்கு ஏற்கெனவே பேசிவிட்டால்?

இது பாடத்தின் முக்கியமான பகுதி. பாப்-அப் ஒரு தொல்லை. அதில் உள்ள எண்ணுக்குப் பேசுவதுதான் ஆபத்து. எதிர்முனையில் இருப்பவன் ரொம்ப மரியாதையாகப் பேசுவான். கணினியைச் சரிசெய்ய எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற ஒன்றை இறக்கச் சொல்வான். அவை முறையான மென்பொருள்கள்தான். ஆனால் அதன் வழியாக நம் கணினியை அவன் கையில் கொடுத்துவிடுகிறோம். பிறகு வங்கிக் கணக்கைத் திறக்கச் சொல்வான், டேக் எண்ணைக் கேட்பான், செயலியில் ஒப்புதல் அழுத்தச் சொல்வான். பல வருஷம் சேர்த்த பணம் அந்த ஓர் உரையாடலில் போய்விடலாம்.

அப்படி நடந்திருந்தால் இந்த வரிசையில் செய்யுங்க. உடனே வைஃபையை நிறுத்துங்க, கணினியை அணைத்துவிடுங்க. வங்கியின் அவசர எண்ணை அழைத்துக் கணக்கையும் அட்டையையும் முடக்கச் சொல்லுங்க. மலேசியாவில் தேசிய மோசடி பதில் நடவடிக்கை மையத்தின் எண் 997. பணம் போயிருந்தால் அன்றைக்கே அழையுங்க, காத்திருக்காதீங்க. பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு ஓடும் முன் பிடிக்க வேண்டும் என்பதால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். போலீஸிலும் புகார் கொடுங்க. சிங்கப்பூரில் உள்ள உறவினர்களுக்கு உதவி எண் 1799. கடவுச்சொற்களை வேறு கணினியிலோ கைப்பேசியிலோ மாற்றுங்க. முதலில் மின்னஞ்சல், பிறகு வங்கி. கணினியைப் பொறுத்தவரை ஆலோசனைக்கு சைபர்செக்யூரிட்டி மலேசியாவின் சைபர்999 சேவை உண்டு. அன்னியன் ஒருவன் உள்ளே வந்துபோன கணினியில் விண்டோஸை முழுதாக அழித்து மறுபடி நிறுவுவதே நல்லது.

பெரியவர்களிடம் எப்படிப் பேசுவது?

தொழில்நுட்பத்தை விட இது கஷ்டம். தாத்தா எதையோ அழுத்திவிட்டார் என்றால், "உங்களுக்கு எத்தனை தடவை சொல்றது?" என்று நம் வாயில் முதலில் வந்துவிடும். அந்த வார்த்தைக்கு ஒரு விலை இருக்கு. இன்றைக்குத் திட்டு வாங்கியவர் அடுத்த முறை நம்மைக் கூப்பிட மாட்டார். திரையில் இருக்கும் எண்ணுக்கே பேசிவிடுவார், ஏன்னா அங்கே பேசுபவன் "கவலைப்படாதீங்க ஐயா" என்கிறான். ஏமாற்றுக்காரன் அன்பாகப் பேசி, வீட்டுப் பிள்ளை எரிந்து விழுந்தால் அவர் யாரிடம் போவார்?

அதனால் அவர்களிடம் ஒரே ஒரு விதியைச் சொல்லி வைங்க: "பயமுறுத்துற மாதிரி எது வந்தாலும் ஒன்னும் அழுத்தாதீங்க, என்னைக் கூப்பிடுங்க. நான் கோபப்பட மாட்டேன்." அந்தக் கடைசி வாக்கியத்தைக் காப்பாற்றுவது நம் பொறுப்பு. நள்ளிரவில் கூப்பிட்டாலும், பரீட்சை வாரத்தில் கூப்பிட்டாலும். சேவை என்பது கோயில் திருவிழாவில் அன்னதானம் பரிமாறுவது மட்டும் இல்லை, இதுவும்தான்.

திரும்ப வராமல் இருக்க

விண்டோஸையும் பிரவுசரையும் அவ்வப்போது புதுப்பியுங்க. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. வீட்டில் இன்னும் அது ஓடினால் அடுத்து என்ன செய்வது என்று குடும்பத்தோடு பேசுங்க. வீட்டார் தினமும் பயன்படுத்த அட்மினிஸ்ட்ரேட்டர் அல்லாத சாதாரணக் கணக்கு ஒன்றைத் தனியாக உருவாக்கிக் கொடுங்க. பல மென்பொருள்களை நிறுவ அப்போது கடவுச்சொல் தேவைப்படும், அந்த இடத்தில் உங்களைக் கேட்பாங்க. நகல் எடுக்கும் பழக்கத்தை மாதம் ஒருமுறையாவது வைங்க.

கிளைக் கூட்டத்தில் பேசுவதற்கு

1. உங்கள் வீட்டுக் கணினியில் எத்தனை தளங்களுக்கு நோட்டிபிகேஷன் அனுமதி இருக்கிறது? பார்த்து எழுதி வாருங்கள். அவற்றில் நீங்கள் அறிந்தே கொடுத்தவை எத்தனை?

2. "வைரஸ் சோதனை முடிந்தது, 23 ஆபத்துகள்" என்று ஓர் இணையப் பக்கம் சொன்னால், அதை நம்பக் கூடாது என்பதற்கு இரண்டு காரணம் சொல்லுங்கள்.

3. வைஃபையை நிறுத்திய பிறகும் எச்சரிக்கை வந்தால் உங்கள் முதல் மூன்று நடவடிக்கைகள் என்ன?

4. உங்கள் தாத்தா பாட்டிக்கு இந்தப் பாடத்தை மூன்றே வாக்கியத்தில் தமிழில் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வீர்கள்? ஒருவர் தாத்தாவாகவும் ஒருவர் பேரப்பிள்ளையாகவும் நடித்துக் காட்டுங்கள்.

இந்த வாரமே ஒரு வீட்டுக் கணினியையாவது பார்த்துக் கொடுங்க. உங்கள் வீடாக இருக்கலாம், பக்கத்து வீட்டு ஆன்ட்டியுடையதாக இருக்கலாம், கோயில் அலுவலகத்தில் உள்ளதாகவும் இருக்கலாம். பத்து நிமிட வேலை. ஒரு குடும்பத்தின் சேமிப்பு பத்திரமாக இருக்கும்.